ஞாயிறு காலை மட்டும் காட்டிய வீடு

உலகத்தில் யாரும் சும்மா சிரிப்பதில்லை என்பது ரசாக் பாயின் கட்சி. வழியில் ஒருவர் சலாம் சொன்னால் முறையாகப் பதில் சலாம் சொல்லுவார். நாலடி போனதும் 'இவன் இன்னிக்கு எதுக்குச் சொன்னான்?' என்று திரும்பிப் பார்ப்பார். கேஸ் சிலிண்டர் வந்தால் எடை போடாமல் கையெழுத்துப் போடமாட்டார். மகள் இஃப்ராவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, பையன் வேலை செய்கிற கம்பெனிக்கு எதிர்ப்பக்கம் மூன்று நாள் நின்று டீ குடித்து, பையன் நிஜமாகவே உள்ளே போகிறானா என்று பார்த்துவிட்டு வந்தார். பையன் மூன்று நாளும் ஒழுங்காகத்தான் போனான். 'நாம பாக்கறது தெரிஞ்சு போறானோ?' என்று அதற்கும் ஒரு சந்தேகம் வந்தது மனுஷனுக்கு. நல்லவேளை, கல்யாணம் நடந்துவிட்டது. இஃப்ரா இப்போது உடுமலைப்பேட்டையில் நன்றாக இருக்கிறாள்.

உக்கடத்தில் பழைய மோட்டார் கடை வைத்திருக்கிறார். கிரைண்டர் மோட்டார், போர் மோட்டார், தையல் மெஷின் மோட்டார் எல்லாம் வாங்கி, பழுது பார்த்து விற்பார். சந்தேகப் பிராணிதான், ஆனால் கடையில் ஒரு பொய் சொன்னதாக யாரும் சொல்ல முடியாது. வயது அறுபத்துமூன்று. பொள்ளாச்சி ரோட்டின் மேலேயே மூணே கால் சென்ட்டில் வீடு. கேட்டைத் திறந்து காலை வைத்தால் ரோடுதான். கட்டின காலத்தில் ரோட்டு மேல் வீடு என்றால் ஜமாத்தில்கூட ஒரு மரியாதை. பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் போகும், அவ்வளவுதான்.

இப்போது அந்த ரோட்டில் இடைவெளி என்று ஒன்று கிடையாது. பொள்ளாச்சி பஸ், கேரளா லாரி, காலேஜ் வேன், காய்கறி வண்டி, நடுவில் ஆம்புலன்ஸ். வீட்டு வாசலிலேயே ஸ்டாப்பிங். லாரி போனால் ஷெல்பில் இருக்கிற டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசும். ஜன்னல் கட்டையைக் காலையில் துடைத்தால் மத்தியானத்துக்குள் விரலால் பேர் எழுதலாம், அத்தனை கரி.

பாய்க்கு அதெல்லாம் பழகிவிட்டது. அவர் மனைவி உம்மல் குல்சுமுக்குத்தான் பழகவே இல்லை. கண் அசந்தால் ஒரு ஏர் ஹாரன், திரும்பிப் படுத்தால் ஒரு பிரேக் சத்தம். வீடே இரண்டு ரூம் அகலம்தான். பின்னால் போய்ப் படுத்தாலும் சத்தம் சுவர் வழியாகவே வந்து சேர்ந்துவிடும். மாத்திரை போட்டுப் பார்த்தாள். பஞ்சு வைத்துப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்து, நின்றுகொண்டிருக்கும்போதே சுவரைப் பிடித்துக்கொள்கிற அளவுக்கு வந்துவிட்டாள்.

போன வருஷம் இரண்டு பேரும் இஃப்ரா வீட்டுக்குப் போயிருந்தார்கள். தென்னந்தோப்புக்கு நடுவே உள் தெரு. காலை பதினோரு மணிக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்த குல்சும், உரித்த வாக்கில் அப்படியே சாய்ந்து தூங்கிவிட்டாள். மூன்றரை மணி நேரம். இஃப்ரா எழுப்பப் போனபோது, "கை வச்சீன்னா பாரு!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு தடுத்தார் பாய். அன்றைக்கே மனசுக்குள் முடிவு செய்துவிட்டார். ரோட்டு வீட்டை விற்றுவிட்டு, எங்கேயாவது ஒரு உள் தெருவில் இவளைக் கொண்டுபோய்ப் படுக்க வைக்க வேண்டும்.

முடிவு செய்தவர் அதை அவளிடம் சொல்லியிருக்கலாம் அல்லவா? சொல்லமாட்டார். அவள் பக்கத்து வீட்டில் சொல்லுவாள், பக்கத்து வீடு ஊருக்குச் சொல்லும், அவசரமாக விற்கிறான் என்று தெரிந்தால் அத்தனை பேரும் அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள். அதனால் பெண்டாட்டியிடம், "நல்ல ரேட்டு போகுது, வித்துப்போடலாம்" என்று மட்டும் சொன்னார். பிறகு மொட்டை மாடிக்குப் போய், மகன் ஆசிப்புக்குப் போன் போட்டு, குனியமுத்தூர்ப் பக்கம் உள் தெருவில் சின்ன வீடாகப் பார்க்கச் சொன்னார். "அம்மாகிட்ட இப்போதைக்கு மூச்சு விடாத" என்று அவனுக்கும் ஒரு பூட்டு.

புரோக்கர் கதிரேசனிடம் ஒரு கோடியே பத்து லட்சம் என்று விலை சொன்னார். கதிரேசன் தலையைச் சொறிந்தான்.

"ஏனுங் பாய், ரோட்டு மேல ஊடுன்னா கடைக்காரங்க கேப்பாங்க. ஆனா இருபத்திரண்டு அடி முகப்புல வண்டி நிறுத்தக்கூட எடமில்லீங்களே. குடியிருக்க வர்றவங்களுக்கு இந்தச் சத்தம்…"

"மெயின் ரோடுய்யா இது! தங்கம்! நீ ஆளக் கூட்டிட்டு வா. ஒண்ணே ஒண்ணு, ஞாயித்துக்கெழமை காலைல ஏழு மணிக்குக் கூட்டிட்டு வா. மத்த நேரம் நான் ஊட்ல இருக்கமாட்டேன்."

ஞாயிறு காலை ஏழு மணிக்கு அந்த ரோடு எப்படி இருக்கும் என்று கதிரேசனுக்குத் தெரியும், பாய்க்கும் தெரியும். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அதற்கு மேல் பாய் செய்த ஏற்பாடுகளைக் கேட்டால் சிரிப்பு வரும். ஷெல்பில் டம்ளருக்குக் கீழே நியூஸ் பேப்பர் மடித்து வைத்தார். ஆறு மணிக்கே ஜன்னல் கட்டைகளைத் துடைத்தார். முன் ரூமில் ஃபேனை ஐந்தில் வைத்தார். வருகிறவர்களை நேரே பின்னால் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போய், "காத்து எப்படி வருது பாத்தீங்களா?" என்று கேட்டார். ஊரையெல்லாம் சந்தேகப்படுகிற மனுஷன் இப்படி ஒரு கோல்மால் செய்கிறோமே என்று அவருக்கு உறுத்தவில்லையா என்றால், உறுத்தியது. அந்த உறுத்தலை அமுக்கி வைக்கத்தான் மற்றவர்கள் மேல் இன்னும் கூடுதலாகச் சந்தேகப்பட்டார்.

முதலில் வந்தது நிதீஷ் என்கிற சாப்ட்வேர் பையனும் அவன் மனைவியும். வீடு பிடித்துப்போய் லோனுக்குப் போட்டார்கள். பேங்கிலிருந்து மதிப்புப் போட ஒரு இன்ஜினியர் வருவார் என்றார்கள். "ஞாயித்துக்கெழமை வரச் சொல்லுங்க" என்றார் பாய். வந்ததோ புதன்கிழமை, சாயங்காலம் ஆறு மணிக்கு. முப்பது வயதுப் பெண், பெயர் லாஸ்யா. டேப்பை வைத்து அளந்தாள், நாலு போட்டோ எடுத்தாள். பிறகு படுக்கை ரூமுக்குள் போய்ப் போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிஷம் பேசாமல் நின்றாள். வெளியே லாரிக்குப் பின்னால் லாரி. பேப்பருக்கு மேல் இருந்தும் டம்ளர்கள் பேசின.

"என்ன அம்மணி, போட்டோ புடிச்சாச்சுல்ல? இன்னும் என்ன பாக்கறீங்க?"

"சத்தம் எவ்வளவுன்னு பாக்கறனுங்க அங்கிள்."

"சத்தத்துக்கெல்லாமா பேங்க்ல வெல போடுவாங்க?"

"சத்தத்துக்கு நேரா வெல இல்லீங்க. இதே அளவு ஊடு பின்னால மூணாவது தெருவுல போன மாசம் வித்துருக்குது. வெலைக்கு வந்த மூணாவது வாரமே போயிருச்சு. ரோட்டு மேல இருக்கற ஊடுக ஆறு மாசம், ஒரு வருசம்னு நிக்குது. வர்றவங்கள்ல பாதிப் பேரு கொழந்த இருக்குதுன்னு திரும்பிப் போயிடறாங்க. நாளைக்கு லோன் கட்டலீன்னா பேங்க்தானுங்களே இத விக்கோணும்? அதான் பாப்பாங்க."

"மெயின் ரோடு அம்மணி!"

"கடைக்கு நல்லதுங்க. ஆனா கடைன்னாலும் நாலு கார் நிக்க எடம் வேணும். ரோட்ட அகலப்படுத்துனா முன்னால கொஞ்சம் போனாலும் போயிரும். என்ற கண்ணுல பட்டத நான் எழுதறேன், அவ்வளவுதானுங்க."

அவள் எழுதியது எழுபத்தெட்டு லட்சம். நிதீஷ், "அதுக்கு மேல கையில இல்லீங்க சார்" என்று ஒதுங்கிவிட்டான்.

பாய்க்கு ரத்தம் கொதித்தது. முப்பத்திரண்டு லட்சம் குறைத்து எழுத ஒரு பெண்ணுக்கு என்ன தைரியம்? யார் சொல்லி எழுதினாள்? ஏன் ஞாயிற்றுக்கிழமை வராமல் புதன்கிழமை வந்தாள்? சந்தேகம் நேராகப் பக்கத்துப் பேக்கரிக்குப் போய் உட்கார்ந்தது. பேக்கரி முதலாளி திருமலைசாமி இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை, "குடுக்கறதா இருந்தா எங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க பாய்" என்று கேட்டிருந்தார். போதாதா? அடுத்த வாரமே கதிரேசன் அந்தப் பேக்கரியில் நின்று திருமலைசாமியோடு சிரித்துப் பேசிக்கொண்டே பப்ஸ் தின்பதைப் பாய் தன் கண்ணால் பார்த்தார். காசு கொடுத்தானா என்று கவனித்தார். கொடுக்கவில்லை! முடிந்தது கதை. புரோக்கர், பேக்கரி, பேங்க் மூன்றும் கூட்டு.

விலையை ஒரு கோடிக்கு இறக்கினார். வால்பாறை எஸ்டேட்டில் ஆபீஸ் வேலை பார்த்து ரிடையரான ஒருவர் மனைவியோடு வந்தார். குல்சும் டீ போட்டுக் கொடுத்தாள். "ரொம்பப் பிடிச்சிருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் போனை எடுக்கவே இல்லை. அதற்கப்புறம் உடுமலைப்பேட்டையிலிருந்து அழகிரிசாமி என்று ஒருவர், தேங்காய் மண்டிக்காரர், மருமகளோடு வந்தார். அட்வான்ஸ் தருவதாக நாள்கூடக் குறித்தார். குறித்த நாளில் ஆளைக் காணோம்.

இதற்குள் ஆசிப் குனியமுத்தூரில் ஒரு உள் தெருவில் வீடு பார்த்துவிட்டான். அந்த வீட்டுக்காரர் ரம்ஜான் வரைக்கும்தான் காத்திருப்பேன் என்றார். இருந்தது ஒன்றரை மாதம். குல்சுமோ ஒரு நாள் குளியலறை வாசலில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். பாய் அவளைத் தூக்கிக் கட்டிலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். மறுநாள் கடைக்குப் போனவர், திருமலைசாமியைக் கையும் களவுமாகப் பிடித்தே தீருவது என்று, அழகிரிசாமியைப் பார்க்க உக்கடத்தில் உடுமலை பஸ் ஏறினார்.

அந்த பஸ் அவர் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். ஸ்டாப்பிங்கில் ஒரு ஆட்டோ குறுக்கே நிற்க, டிரைவர் ஹாரனில் கையை வைத்தவர் எடுக்கவே இல்லை. பாய் ஜன்னல் வழியாகப் பார்த்தார். ஹாரன் அடித்த இடத்திலிருந்து அவருடைய படுக்கை ரூம் ஜன்னலுக்குப் பத்தடிகூட இருக்காது. உள்ளே குல்சும் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. பாய் எழுந்துபோய், "நிறுத்தய்யா, போதும்!" என்று டிரைவரிடம் கத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். பஸ்ஸில் எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள்.

அழகிரிசாமி மண்டியில் இருந்தார். பாயைப் பார்த்ததும் சங்கடமாக எழுந்து நின்று நாற்காலி போட்டார், இளநீர் வெட்டச் சொன்னார்.

"எளநி இருக்கட்டுங்க. உங்களக் கெடுத்தது யாரு? திருமலைசாமிங்களா, கதிரேசனுங்களா? ஒளிக்காமச் சொல்லிப்போடுங்க."

"ஐயோ, அவங்க யாருமில்லீங்க பாய்."

"அப்பறம்?"

"சொன்னாத் தப்பா நெனைக்கக்கூடாது. உங்க ஊட்டம்மாதானுங்க சொன்னாங்க. என்ற மருமக முழுகாம இருக்குதுங்க. அதத் தனியாக் கூப்பிட்டு, 'கண்ணு, இந்த ஊட்ல கொழந்த தூங்காது, இங்க வராத'ன்னு சொல்லிப்போட்டாங்க. நல்ல மனசுங்க. நாங்க வெளிய சொல்லலீங்க."

இளநீர் வெட்டி வந்தது. பாய் அதைக் கையில் வாங்கிக் குடிக்காமலே வைத்திருந்தார். எல்லோரையும் சந்தேகப்பட்டவர், பக்கத்தில் இருந்தவளை மறந்துவிட்டாரே!

வீட்டுக்கு வந்தபோது மணி மூன்று. குல்சும் சமையலறையில் ரசத்தைச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். நல்ல வார்த்தையாகக் கேட்டிருக்கலாம். ஆனால் அந்த வாயில் அன்றைக்கு நல்ல வார்த்தை ஏது?

"திருமலைசாமி உனக்கு எவ்வளவு குடுத்தான்?"

குல்சும் கரண்டியைக் கீழே வைத்தாள். திரும்பி அவரை முழுசாகப் பார்த்தாள்.

"ரெண்டு பன்னு குடுத்தாருங்க. போதுமா?"

"கிண்டலா? வர்றவங்களையெல்லாம் நீதான வெரட்டி உட்ருக்கற?"

"ஆமா, நான்தான். கடையில மோட்டாரு விக்கறப்ப, இது ஒருக்கா எரிஞ்சு மறுபடி காயில் கட்டுனது, சூடாகும்னு சொல்லித்தான விக்கறீங்க? கொறையச் சொல்லாம வித்தா பரக்கத் இருக்காது, வந்த காசு நெலைக்காதுன்னு நீங்கதான எனக்குச் சொன்னீங்க? ஊட்டுக்கு மட்டும் டம்ளருக்கடில பேப்பர் வெக்கறீங்க. வயித்துப் புள்ளக்காரி ஒருத்தி வந்து, நான் படுத்த கட்டில்ல படுத்து முழிச்சுக் கெடக்கோணுமா?"

அவள் நிறுத்தவில்லை.

"அது மட்டும்னு சொன்னாப் பொய்யாயிரும். எனக்கும் சந்தேகந்தான். மாடிக்குப் போயிப் போயி ஆசிப்கிட்டப் பேசறீங்க. அம்மாகிட்டச் சொல்லாதங்கறீங்க. எனக்குக் காது கேக்காதுன்னு நெனச்சீங்களா? ராப்பகலா முழிச்சிருக்கறவளுங்க நான், எல்லாங் கேக்கும். அவன் பெரிய கடை போடோணும்னு ரெண்டு வருசமா உங்களப் புடுங்கி எடுக்கறான். ஊட்ட வித்து அவங்கிட்டக் குடுத்துப்போட்டு, வயசான காலத்துல என்னைய வாடகைக்கு இழுத்துட்டுப் போறீங்க. அதான?"

"கடைக்கா? யாரு சொன்னா?"

"பின்ன எதுக்கு விக்கறீங்க? வாயத் தொறந்து சொல்லுங்களேன்!"

வெளியே ஒரு லாரி பிரேக் போட்டது. அது போகிறவரைக்கும் இரண்டு பேரும் பேசாமல் நின்றார்கள். அந்த வீட்டில் சண்டைகூட அப்படித்தான், வண்டி போக வழிவிட்டுத்தான் நடக்கும்.

"நீ தூங்கறதுக்குடீ" என்றார் பாய். "இஃப்ரா ஊட்ல மூணரை மணி நேரம் தூங்குன. நான் பக்கத்துலயே உக்காந்து பாத்துட்டிருந்தேன். உன்னைய இங்க கொண்டாந்து போட்டது நான்தான? குனியமுத்தூர்ல உள் தெருவுல ஊடு பாக்கச் சொல்லித்தான் ஆசிப்கிட்டப் பேசுனேன். வேற ஒண்ணுமில்ல."

குல்சும் முக்காட்டின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "அதச் சொல்லித் தொலைக்கறதுக்கென்னங்க உங்களுக்கு?" என்றாள். ரசம் பொங்கி அடுப்பில் வழிந்தது. இரண்டு பேருமே அணைக்கப் போகவில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே கதிரேசனைக் கூப்பிட்டு, "எழுபத்தெட்டுன்னு சொல்லு. எந்த நாளும், எந்த நேரமும் கூட்டிட்டு வா" என்றார். ஐந்தாவது நாள், பைக் சீட் கவர் தைக்கிற சஹீர் என்பவன் வந்தான். கீழே முன் ரூமில் கடை, பின்னால் குடித்தனம் என்று அவனுக்குக் கணக்கு. கார் நிற்க இடம் வேண்டாம், பைக் நின்றால் போதும். சாயங்காலம் ஆறு மணிக்கே வந்தான்.

பாய் ஒவ்வொன்றாகச் சொன்னார். சத்தம் இவ்வளவு, கரி இவ்வளவு, மாடிச் சுவரில் விரிசல் இங்கே, ரோடு அகலமானால் முன்பக்கம் போகலாம், பேங்க் இன்ஜினியர் போட்ட விலை இது. குல்சும் விட்டுப்போனதை எடுத்துக் கொடுத்தாள். சஹீருக்கு முகம் மாறிவிட்டது. விற்கிறவன் எவனாவது இத்தனை குறை சொல்லுவானா? பத்திரத்தில் ஏதோ பெரிய கோளாறு இருக்கிறது, அதை மறைக்கத்தான் இதையெல்லாம் சொல்லுகிறான் என்று அவனுக்குப் பட்டுவிட்டது. முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் எடுத்துப் பார்த்தான். இரண்டு வக்கீலிடம் காட்டினான். திருமலைசாமியிடம் போய் ரகசியமாக விசாரித்தான்.

"பாய் ஆளு ஒரு மாதிரிதான். எல்லாத்துக்கும் சந்தேகப்படுவாரு. ஆனா ஏமாத்தமாட்டாருங்க, தைரியமா வாங்குங்க" என்றாராம் திருமலைசாமி. அது பாயின் காதுக்கு வந்தபோது, இரண்டு நாள் பேக்கரிப் பக்கம் தலை நிமிர்த்தாமல் போனார். மூன்றாம் நாள் போய் ஒரு கிலோ வர்க்கி வாங்கினார். மீதிச் சில்லறையை எண்ணிப் பார்க்கவில்லை.

எழுபத்தாறுக்கு முடிந்தது. அந்தப் பணத்துக்கு, ஆசிப் பார்த்து வைத்த வீடு எட்டவில்லை. அதே தெருவில், மாடியில் இரண்டு ரூம் உள்ள பழைய போர்ஷன்தான் கிடைத்தது. படி கொஞ்சம் செங்குத்து. குல்சும் ஏறிப் பார்த்துவிட்டு, "போதுமுங்க" என்றாள்.

குடிபோன மறுநாள் மத்தியானம், லுஹர் தொழுதுவிட்டு அவள் படுத்தாள். பாய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துக்கொண்டு கீழே வாசலில் போய் உட்கார்ந்தார். ஸ்பீக்கரில் தக்காளி விலை சொல்லிக்கொண்டு ஒரு குட்டியானை வண்டி தெருவுக்குள் திரும்பியது. எழுந்து ஓடிப்போய் இரண்டு கையையும் கூப்பினார். வேண்டாத இரண்டு கிலோ தக்காளியும் வாங்கிக்கொண்டு, ஸ்பீக்கரை அணைக்க வைத்துத்தான் வண்டியை அனுப்பினார்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டு மணி நேரம் ஆயிற்று. மாடியில் சத்தமே இல்லை. அப்போதுதான் பாய்க்குச் சந்தேகம் வந்தது. நிஜமாகவே தூங்குகிறாளா? இத்தனை நஷ்டப்பட்டு மனுஷன் கூட்டி வந்தாரே, அவர் மனசு நோகக்கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறாளா? அவள் அப்படிச் செய்யக்கூடியவள்தான்.

செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு ஒவ்வொரு படியாக ஏறினார். கதவோரம் நின்று, "குல்சும்" என்று மெதுவாகக் கூப்பிட்டார். பதில் இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார். முதல் குரலுக்கே எழுந்து உட்காருகிறவள், அசையவே இல்லை. சந்தேகம் போய்ப் பயம் வந்துவிட்டது. கிட்டே போய்க் குனிந்து, அவள் மூக்குக்குக் கீழே விரலை வைத்தார்.

மூச்சு சூடாக, நிதானமாக வந்தது. நல்ல தூக்கம்.

ரசாக் பாய் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டு, சத்தம் வராமல் அழுதார்.